ஐந்து பேர் இருந்த அறை

"சாம்பார் அண்டாவைத் தூக்க நாலு ஆள் வேணும்னா நாலு ஆளைப் போடட்டும். இல்லேன்னா அடுப்பை அணைச்சுட்டு எல்லாரும் ஓட்டல் வாசல்ல வந்து உக்காருவோம்."

இதைச் சொன்னவள் இசக்கிசெல்வி. சாலைக் கடைத்தெருவில் தாசையனின் தையல்கடை மாடியில் வைத்து, ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குச் சொன்னாள். அதே வாக்கியத்தை வெள்ளிக்கிழமை காலை போலீஸ் ஸ்டேஷனில் ஒருவர் தாளைப் பார்த்து வாசித்தார். அவர் பெயர் கிருஷ்ணகுமார், மலையாளி, உளவுப் பிரிவு அதிகாரி. காக்கி போடவில்லை. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, மெலிந்த முகம், சிரித்த வாய். அவளுடைய பணகுடித் தமிழ் அவர் வாயில் கோணல்மாணலாக வந்தது. ஆனால் ஒரு சொல்கூட விட்டுப்போகவில்லை.

"இது நிங்கள் பறஞ்சதுதானே சேச்சி?"

விலாசம் சரிபார்க்க வேண்டும், ஆதார் நகலோடு வாருங்கள் என்றுதான் போனில் சொல்லியிருந்தார்கள். ஓட்டலில் இரண்டு மணி நேரம் அனுமதி கேட்டு, கையிலிருந்த வெங்காய வாடையைக்கூட சரியாகக் கழுவாமல் வந்திருந்தாள். மேஜையில் ஒரு கிளாஸ் டீ வைத்தார்கள். அவள் தொடவில்லை.

"பேடிக்க வேண்டாம், பயமே வேண்டாம் கேட்டோ. சங்கம் வைக்கிறது தப்பொண்ணும் இல்ல. பக்ஷே இவ்வளவு பெரிய யூனியன் எல்லாம் இருக்கும்போது, அதுல ஒண்ணும் சேராம, தனியா எதுக்கு? பின்னால ஆரு? தமிழ்நாட்டுல இருந்து ஆளு வருதா? நோட்டீஸ் எழுதித் தர்றது ஆரு?"

"பின்னால ஆரும் இல்ல சார். முன்னாலதான் அண்டா இருக்கு."

கிருஷ்ணகுமார் சிரித்தார். சிரித்துக்கொண்டே அடுத்த தாளைப் புரட்டினார். அதில் சுசீலாபாய் சொன்னது இருந்தது. அதற்கடுத்ததில் தாசையன் கேட்ட கேள்வி இருந்தது. தாசையன் நடுவில் இருமியதைத் தவிர எல்லாம் இருந்தது.

வெளியே வந்த செல்வி விடுவிடுவென்று நடந்தாள். பயத்தால்தான் என்று முதலில் நினைத்தாள். கிழக்குக்கோட்டை வரை அந்த வெயிலிலும் பஸ் பிடிக்கவில்லை. பாதி வழியில்தான் அது பயம் இல்லை என்று புரிந்தது. யாரையாவது அடிக்க வேண்டும்போல இருந்தது. யாரை என்பதுதான் தெரியவில்லை. அன்றைக்கு அந்த அறையில் இருந்தது ஐந்தே பேர்.

*

செல்விக்கு முப்பத்தெட்டு வயது. கணவன் விபத்தில் போன பிறகு பணகுடியிலிருந்து எல்லை தாண்டி இந்த மலையாள ஊருக்கு வந்தவள். பதினோரு வருடமாகப் பழவங்காடியில், பிள்ளையார் கோயிலுக்குப் பின்புறச் சந்தில் இருக்கும் ஒரு சைவ ஓட்டலில் காய் நறுக்குவதும் மாவாட்டுவதும் அவள் வேலை. குடியிருப்பது மணக்காட்டில், ஒரு வீட்டின் பின்பக்க அறையில்.

அந்த ஓட்டலில் பாத்திரம் கழுவிய மாடம்மாள் ஒருநாள் கொதிக்கும் சாம்பார் அண்டாவை இன்னொருத்தியோடு சேர்ந்து தூக்கும்போது வழுக்கி விழுந்தாள். இடுப்புக்குக் கீழே வெந்துபோனது. முதலாளி ஆட்டோவில் ஏற்றி பஸ்ஸ்டாண்டுக்கு அனுப்பினார். அங்கிருந்து அவள் ஊரான நாகர்கோவிலுக்கு பஸ். கூடப் போக ஓர் ஆளை விடவில்லை. மதியச் சாப்பாட்டு நேரமாம். வெந்த தொடையோடு மாடம்மாள் ஜன்னலோர சீட்டில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து போனாள். மறுநாள் அவள் விழுந்த இடத்தைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினார்கள். ஆறு மணிக்கு இட்லி வெளியே போனது.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமைதான் சங்கம் பிறந்தது. ஓட்டல்காரர்களுக்கு மூன்றரையிலிருந்து ஐந்து வரைதான் மூச்சு விட நேரம். முதல் நாள் பதினோரு பேர் வந்தார்கள். எட்டு மாதத்தில் அறுபத்து நாலு பேர் ஆனார்கள். சமையல்கட்டு ஆட்கள், லாட்ஜில் அறை கூட்டுபவர்கள், டீ மாஸ்டர்கள். வாரத்தில் ஒருநாள் லீவு, பெண்களுக்குத் தனிக் கக்கூஸ், பெரிய பாத்திரத்தைத் தூக்க நாலு ஆள். இவ்வளவுதான் கேட்டார்கள். எந்தக் கட்சியிடமும் போகவில்லை. போனால் நம்ம பேச்சை அவங்க பேசுவாங்க என்று தாசையன் சொன்னது எல்லோருக்கும் சரியாகப் பட்டது. நெய்யாற்றின்கரைக்காரரான அந்த அறுபது வயது தையல்காரர்தான் தலைவர், செல்வி செயலாளர்.

பெரிய விஷயங்களை முதலில் ஐந்து பேர் உட்கார்ந்து பேசுவார்கள். தாசையன், செல்வி, ஒரு லாட்ஜில் துப்புரவு வேலை பார்க்கும் சுசீலாபாய், டீ மாஸ்டர் சுடலைக்கண்ணு, பரோட்டா மாஸ்டர் ஜெபசிங். வாசலில் உட்கார்வது பற்றிப் பேசியது இந்த ஐவர் கூட்டத்தில். யாருடைய போனும் அறைக்குள் இல்லை. தாசையன் எச்சரிக்கையான மனிதர். எல்லாவற்றையும் கீழே மெஷின் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் மேலே ஏறச் சொல்வார்.

ஆகவே, ஐந்து பேரில் ஒருத்தர்.

செல்வி மூன்று நாள் சரியாகத் தூங்கவில்லை. ஒவ்வொரு முகமாக எடுத்து வைத்துப் பார்த்தாள். சுடலை ரொம்பக் கேள்வி கேட்பானே. சுசீலாக்காவுக்கு வாயில் எதுவும் நிற்காதே. இப்படி நினைப்பது அவளுக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமை பணகுடியிலிருந்து தம்பி போன் பண்ணினான்.

"இங்க வீட்டுக்குப் போலீஸ் வந்துட்டுப் போகுதுக்கா. உன்னைப் பத்திக் கேக்கான். எந்த இயக்கத்துல இருக்கா, ஆராரு வந்து போறா... தெருவே நின்னு பாக்குது. நீ அங்க என்னதான் செஞ்சுட்டு இருக்க?"

"காய் நறுக்கிட்டு இருக்கேன்லே," என்று கத்திவிட்டுப் போனை வைத்தாள்.

திங்கட்கிழமை காலை தேங்காய் வாங்கப் போனவள், அதே போலீஸ் ஸ்டேஷன் வாசலிலிருந்து ஜெபசிங் வெளியே வருவதைப் பார்த்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் பைல். பக்கத்தில் ஒரு போலீஸ்காரன் அவன் தோளைத் தட்டி ஏதோ சொன்னான். ஜெபசிங் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்து போனான்.

அவளுக்கு அது போதுமாக இருந்தது.

*

மறுநாள் செவ்வாய்க்கிழமை. தையல்கடை மாடியில் முப்பது பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். ஜெபசிங் கொஞ்சம் தாமதமாக ஏறி வந்தான். களியக்காவிளைக்காரன், முப்பத்தியொரு வயது, கல்யாணமாகி இரண்டு வருடம். வந்ததும், "அக்கா, ஒரு விஷயம் பேசணும்," என்றான்.

"நான் முதல்ல பேசுறேன். நேத்து காலையில எங்க போயிருந்தே?"

அவன் முகம் மாறியது. "ஒரு சொந்தக் காரியமா..."

"போலீஸ் ஸ்டேஷன்ல உனக்கு என்ன சொந்தக் காரியம்? தோள்ல தட்டி அனுப்புற அளவுக்கு?"

சுடலைக்கண்ணு மெல்ல எழுந்து நின்றான்.

"அக்கா, நான் சொல்றதைக் கேளுங்க. ஒரு சர்டிபிகேட்டுக்காக..."

"என் வாயில இருந்து வந்த சொல்லு ஒண்ணுவிடாம அந்த ஆபீசர் கையில இருக்கு. அஞ்சு பேருல ஒருத்தன் கொண்டுபோய்க் கொடுத்திருக்கான். மாடம்மா வெந்து கிடந்தப்போ நீயும்தானே அழுதே? அந்தக் கண்ணீரையும் போய் எழுதிக் கொடுத்தியாலே?"

ஜெபசிங் சுற்றிலும் பார்த்தான். ஒருவரும் அவன் கண்ணைப் பார்க்கவில்லை. பின்னாலிருந்து ஒருத்தன், "காட்டிக்கொடுத்த பய," என்றான். இன்னொருத்தன் இன்னும் மோசமாகச் சொன்னான். ஜெபசிங், "செரி. சொல்லியாச்சுல்லா," என்றுவிட்டுப் படி இறங்கினான். மரப்படியில் அவன் செருப்புச் சத்தம் கீழே போய்ச் சேரும்வரை எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

தாசையன் மட்டும் சொன்னார். "அவனைப் பேச விட்டிருக்கலாம் மோளே."

"நீங்க சும்மா இருங்கண்ணே," என்றாள் செல்வி. அவள் உடம்பெல்லாம் கொதித்தது. அடிக்க ஓர் ஆள் கிடைத்துவிட்டது.

இரண்டு நாளில் செய்தி களியக்காவிளை வரை போனது. அவன் வேலை செய்த ஓட்டலில் கூட இருந்த தமிழ் ஆட்கள் அவனோடு உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்தினார்கள். வாரக் கடைசியில் அவன் அங்கிருந்து போய்விட்டான்.

ஜெபசிங் போனதும் எல்லாம் நின்றுவிடும் என்றுதான் அவள் நம்பினாள். எதுவும் நிற்கவில்லை. சாயங்கால டிபனுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார் முதலாளி. காரணம் கேட்டாள். "போலீஸ் வந்து ரெண்டு தடவை கேட்டாச்சு. நான் கடையைத் தொறந்து கச்சவடம் செய்யணுமா வேண்டாமா?" என்றார். மணக்காட்டில் வீட்டுக்காரியும் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அடுத்த மாதம் மருமகள் பிரசவத்துக்கு வருகிறாள், அறை வேண்டும் என்றாள். போன வருடம்தான் அந்த மருமகளுக்குக் கர்ப்பப்பை எடுத்தார்கள். செல்விதான் ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டு போனாள்.

பிறகு அந்த நோட்டீஸ் வந்தது. ஐந்து பேருக்கும் தனித்தனியாக. இவர்களால் பொது அமைதி கெடும் என்று போலீஸ் அறிக்கை கொடுத்திருப்பதால், ஒரு வருடத்துக்கு ஒழுங்காக நடந்துகொள்வோம் என்று வருவாய்க் கோட்ட அதிகாரியான ஆர்.டி.ஓ. முன்னால் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

ஐந்து பேருக்கும். ஜெபசிங் பெயரும் இருந்தது.

செல்வி அந்தப் பெயரைப் பார்த்தாள். கண்துடைப்புக்கு அவன் பெயரையும் சேர்த்திருப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் அன்றைக்கு அவளால் சாப்பிட முடியவில்லை.

*

வக்கீல் ஜினி பாறசாலைப் பக்கத்துப் பெண். சுசீலாபாய்க்குச் சர்ச்சில் பழக்கம். நோட்டீஸைப் படித்துவிட்டு, "இதுக்கு ஆதாரமா என்ன வச்சிருக்காங்கன்னு கேட்டு வாங்கலாம். குடுக்காம இருக்க முடியாது," என்றாள். முதல் விசாரணையன்று கேட்டாள். அடுத்த வாரம் பதினெட்டுப் பக்கம் கையில் கிடைத்தது.

தையல்கடை மாடியில் உட்கார்ந்து ஜினி அதை மலையாளத்திலிருந்து தமிழாக்கி வாசித்தாள். செல்வியும் தாசையனும் சுசீலாபாயும்தான் இருந்தார்கள். சுடலைக்கண்ணு முந்தின நாளே பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வள்ளியூருக்குப் போய்விட்டான். அவனுக்கு மூன்று பெண்பிள்ளைகள். அவனை யாரும் எதுவும் சொல்லவில்லை.

"மேற்படி நபர்கள் தீவிர எண்ணம் கொண்ட அயல் மாநிலத்தவர்..." என்று ஜினி தொடங்கினாள்.

"ஆரு அயல் மாநிலம்?" சுசீலாபாய் எழுந்துவிட்டாள். "நான் பாறசாலையில பெறந்தவ. எங்க அப்பனும் அங்கதான். எனக்கு இங்க வோட்டு உண்டு. வோட்டு கேக்க வரும்போது மட்டும் நான் இந்த நாட்டுக்காரி, இல்லியா?"

"இருங்க அக்கா. இன்னும் இருக்கு." ஜினி பக்கத்தைப் புரட்டினாள். திடீரென்று அவள் குரல் தணிந்தது. "சங்கக் கூட்டங்கள் நடக்கும் அறையை ஒட்டிய லாட்ஜின் ஆறாம் எண் அறை, மேலதிகாரியின் அனுமதியோடு, பதினாறு செவ்வாய்க்கிழமைகள் வாடகைக்கு எடுக்கப்பட்டது. நடுவில் பலகைச் சுவர் மட்டுமே இருப்பதால், பேசப்படுவது தெளிவாகக் கேட்டது. தமிழ் அறிந்த காவலர் ஒருவர் உடனிருந்து எழுதினார்."

மூன்று பேரும் சுவரைப் பார்த்தார்கள். ஒரே கட்டிடமாக இருந்து அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது நடுவில் பலகை அடித்த சுவர். அதன்மேல் தாசையன் துணிக்கடைக் காலண்டர்களை வரிசையாக மாட்டியிருந்தார். தாசையன் எழுந்து போய்க் காலண்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். பலகைகளுக்கு நடுவே விரல் நுழையும் இடைவெளி இருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து மின்விசிறிக் காற்று வந்தது.

சுசீலாபாய் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அவள் வேலை பார்ப்பது அந்த லாட்ஜில்தான்.

"ஆறாம் நம்பர் ரூமை ஒவ்வொரு புதன்கிழமை காலையிலயும் நான்தான் பெருக்கினேன். கடலைத்தொலி கிடக்கும். ரெண்டு டீக்கப்பு இருக்கும். எவனோ எவளையோ திருட்டுத்தனமா கூட்டிட்டு வாறான்னு நெனச்சேன். மெத்தை விரிப்பு கசங்கவேயில்லை கேட்டியா, விரிச்சது விரிச்சபடி இருக்கும். அதையாவது நான் யோசிச்சிருக்க வேண்டாமா? அந்தச் சவம்புடிச்சவனுக தொலியை நான் குனிஞ்சு குனிஞ்சு பெருக்கினேனே!"

தாசையனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த நிமிடமே அவர் காலண்டரைக் கிழித்துக் கீழே எறிந்தார். "பதினாறு வாரம்! மாடம்மா வெந்து போனப்போ ஒரு போலீஸ்காரன் எட்டிப் பாக்கல. அந்த முதலாளியை ஒரு கேள்வி கேக்கல. அண்டாவைத் தூக்க ஆள் கேட்டதைக் கேட்டு எழுத ரூம் எடுத்து, ஃபேன் போட்டு, கடலை தின்னுட்டு இருந்திருக்கானுக!"

செல்வி, ஜெபசிங் இறங்கிப் போன படியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

வித்துராவில், பொன்முடி போகும் ரோட்டில் ஒரு சிறிய டிபன்கடையில் ஜெபசிங் இருப்பதாகக் கேள்விப்பட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை நெடுமங்காடு வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினாள். கடை முன்னால் மலைக்குப் போகிறவர்களின் பைக்குகள் நின்றன. உள்ளே போனக்காடு என்ற தேயிலைத் தோட்டத்திலிருந்து சந்தைக்கு இறங்கி வந்த இரண்டு பெண்கள் தமிழில் பேசிக்கொண்டே ஆப்பம் சாப்பிட்டார்கள். ஜெபசிங் கல்லுக்குப் பக்கத்தில் நின்று மாவை வீசிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்தான். கை நிற்கவில்லை.

"எதுக்கு வந்தீங்க?"

"தப்புப் பண்ணிட்டேன் ஜெபசிங். நீ இல்ல. பக்கத்து லாட்ஜுல ரூம் எடுத்து, சுவத்துக்கு அந்தப் பக்கம் உக்காந்து கேட்டிருக்கானுக. வக்கீலு பேப்பரு வாங்கிட்டா. அதுல எல்லாம் இருக்கு."

அவன் வீசிய மாவைக் கல்லில் மடித்துப் போட்டான். இன்னொன்றை எடுத்தான்.

"அப்போ, நான் இல்லேங்கிறதுக்கும் போலீஸ்காரன் எழுதின பேப்பர்தான் வேண்டியிருந்துச்சு. நான் சொன்னது உங்களுக்குப் போதல்ல."

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த சொற்கள் ஒன்றுக்கும் உதவவில்லை.

"ஷார்ஜாவுல ஒரு ஓட்டல் வேலைக்கு விசா வந்துச்சு," என்றான் அவன், குரலை உயர்த்தாமல். "போலீஸ் கிளியரன்ஸ் சர்டிபிகேட் வேணும். உங்களை எல்லாம் விட்டுட்டுப் போறேன்னு சொல்ல எனக்கு மடியும் கூச்சமுமா இருந்துச்சு, அதான் சொல்லல்ல. அந்தத் திங்கக்கெழமை ஸ்டேஷன்ல என்ன சொன்னான் தெரியுமா? 'உன் பேரு லிஸ்ட்டுல இருக்கு. சங்கத்துல எவன் என்ன பேசுறான்னு வாரா வாரம் வந்து சொல்லு, சர்டிபிகேட் தாரேன்'னான். தோள்ல தட்டி, யோசிச்சுச் சொல்லுன்னான். நான் முடியாதுன்னுட்டேன். மறுநாள் அதைச் சொல்லத்தான் மாடி ஏறி வந்தேன். நீங்க என்னை வாய் தொறக்க விட்டீங்களா?"

"இல்ல."

"விசாவும் போச்சு. என் பொண்டாட்டியைக் கோயில்ல வச்சு ஒருத்தி, உன் மாப்பிள போலீசுக்கு ஆளாமேன்னு கேட்டிருக்கா. அவ மாசமா இருக்கா அக்கா. போலீஸ்காரன் எனக்கு என்ன செய்வான்னு எனக்குத் தெரியும். நீங்க செய்வீங்கன்னு தெரியாது."

உள்ளேயிருந்து ஒருவர் பரோட்டா கேட்டார். ஜெபசிங் இரண்டை அடித்து அடுக்கித் தட்டில் போட்டுக் கொடுத்தனுப்பினான். செல்வி அழவில்லை. அழுதால் அவன் ஆறுதல் சொல்ல வேண்டிவரும். அந்த வேலையையும் அவன் தலையில் வைக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் என்ன செய்யணும்?" என்று கேட்டாள்.

"எல்லார் முன்னாலயும் சொல்லுங்க. அந்த மாடியில இல்ல. களியக்காவிளை வரைக்கும் கேக்கணும்."

*

காந்தி பார்க்கில் கூட்டம் போட மைக்குக்கு அனுமதி கேட்டார்கள். கிடைக்கவில்லை. மைக் இல்லாமலே கூட்டம் என்று தாசையன் கையால் எழுதி ஒட்டினார். செவ்வாய்க்கிழமை மூன்றரை மணி. அறுபத்து நாலு பேரில் முப்பத்தொரு பேர் வந்தார்கள். மீதிப் பேர் வராததற்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும். ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஜூஸ் கடை நிழலில் கிருஷ்ணகுமார் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். பஸ்களின் ஹாரன் சத்தத்துக்கு மேலே செல்வி கத்த வேண்டியிருந்தது.

"என் பேரு இசக்கிசெல்வி. ஓட்டல்ல காய் நறுக்குறவ. முதல்ல என் தப்பைச் சொல்லிடுறேன். களியக்காவிளை ஜெபசிங்கை நான் காட்டிக்கொடுத்தவன்னு சொன்னேன். முப்பது பேரு முன்னால சொன்னேன். அது பொய். போலீசு அவனைக் காட்டிக்கொடுக்கச் சொல்லி, வெளிநாட்டு வேலையைக் காட்டி ஆசை காட்டுச்சு. அவன் முடியாதுன்னுட்டு வந்தான். இந்தச் சங்கத்துல எங்க எல்லாரையும்விட பெரிய விலை கொடுத்தவன் அவன். அவனை நாந்தான் வெரட்டினேன். அவன்கிட்டயும் அவன் வீட்டுக்காரிகிட்டயும் மன்னிப்புக் கேக்கேன்."

மூச்சு வாங்கினாள். சுசீலாபாய் போனில் எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டிருந்தாள். இதற்காகவே அவள் மகளிடம் கற்றுக்கொண்டு வந்திருந்தாள்.

"இனி அவங்க தப்பைச் சொல்றேன். மூணு மாசத்துக்கு மேல எங்க சுவத்துக்குப் பின்னால ரூம் எடுத்து உக்காந்து கேட்டாங்க. நாங்க குண்டா வைக்கப் போனோம்? கக்கூஸ் கேட்டோம்யா! பொம்பளைக்குக் கக்கூஸ் கேட்டோம்! பணகுடியில என் தம்பி வீட்டுக்கு ஆள் அனுப்புனீங்க. என் வேலையைத் தின்னீங்க. நான் இருந்த ரூமைத் தின்னீங்க. எல்லாத்தையும்விட ஒண்ணு செஞ்சீங்க. பத்து வருஷமா பழகினவன் முகத்தை நான் சந்தேகத்தோட பாக்கும்படி செஞ்சீங்க. அதுக்கு உங்களுக்கு ஒரு பைல்கூட வேண்டியிருக்கல. ஒரு தாளை எடுத்து என் முன்னால வாசிச்சீங்க, மீதியை நானே செஞ்சேன். சார், அங்க வெயில்ல நிக்காதீங்க, இங்க வாங்க! சுவரு இல்ல, பக்கத்துல நின்னே கேக்கலாம்!"

கிருஷ்ணகுமார் வரவில்லை. போனையும் இறக்கவில்லை.

அன்று சாயங்காலம் செல்வியின் போன் அடித்தது. "வீட்டுக்காரி வீடியோ அனுப்பினா. கேட்டேன்," என்றான் ஜெபசிங். அவள் பேசுவதற்குள் வைத்துவிட்டான்.

*

இரண்டாவது விசாரணையில் ஆர்.டி.ஓ. பொறுமையாகத்தான் பேசினார். கெட்டவராகத் தெரியவில்லை. "ஒரு வருஷம் சமாதானமா இருப்பேன்னு எழுதிக் கொடுக்கிறதுல உங்களுக்கு என்ன நஷ்டம்?" என்று ஜினி வழியாகக் கேட்டார்.

செல்வி ஜினிக்காகக் காத்திருக்கவில்லை. "நான் இதுவரைக்கும் சமாதானமாத்தான் இருக்கேன் சார். இனிமே இருப்பேன்னு எழுதிக் கொடுத்தா, இதுக்கு முன்னால இல்லேன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். நான் போட மாட்டேன்."

தாசையனும் சுசீலாபாயும் போடவில்லை. வித்துராவிலிருந்து வந்திருந்த ஜெபசிங்கும் போடவில்லை. அவன் ஹாலின் மறுகோடியில் தனியாக உட்கார்ந்திருந்தான். தேதி தள்ளிப்போனது. மறுபடியும் தள்ளிப்போனது. போலீஸ் தரப்பில் சாட்சி வரவேயில்லை. ஆறு மாதத்துக்குள் விசாரணை முடியாததால் நடவடிக்கை தானாகவே காலாவதியாகிவிட்டது என்று ஒருநாள் ஜினி போனில் சொன்னாள்.

"அப்போ நாங்க தப்புச் செய்யலேன்னு ஆயிடுச்சா?"

"அப்படி ஆரும் சொல்லல அக்கா. கேஸ் செத்துப் போச்சு, அவ்வளவுதான்."

"அந்தப் பதினெட்டுப் பக்கம்?"

"அது அவங்ககிட்டதான் இருக்கும்."

செல்வி போனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவர்கள் தப்புச் செய்தார்கள் என்றும் யாரும் சொல்லவில்லை. அறையை வாடகைக்கு எடுக்கச் சொன்னவர் யார் என்று கேட்டு ஜினி எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. உளவுப் பிரிவிடம் தகவல் கேட்க முடியாது என்று சட்டத்திலேயே இருக்கிறதாம். அவர்கள் நம்மைக் கேட்கலாம், நாம் அவர்களைக் கேட்கக் கூடாது. அந்த வாக்கியத்தை அவள் வேலைக்குப் போகும் வழியெல்லாம் வாய்க்குள் திட்டுப்போலச் சொல்லிக்கொண்டே போனாள். இப்போது அவள் கரமனைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரி கேன்டீனில் இருக்கிறாள். அறை கிடைத்தது சுசீலாபாய் வீட்டை ஒட்டிய சாய்ப்பில்.

சங்கத்தை முறைப்படி பதிவு செய்வதென்று முடிவெடுத்தார்கள். பெயர், தகப்பனார் பெயர், வேலை, விலாசம் எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒளித்து வைக்க எதுவும் இல்லையென்றால் எல்லாவற்றையும் அவர்கள் முகத்துக்கு நேரே நாமே வைப்போம் என்றார் தாசையன். ஆனாலும் விலாசம் எழுதும் இடத்தில் பலருக்குக் கை நின்றது. ஒன்பது பேர் போட்டார்கள். இருபது பேர் அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார்கள். மாடம்மாள் கம்பு ஊன்றிக்கொண்டு நாகர்கோவிலிலிருந்து பஸ் ஏறி வந்து முதல் ஆளாகக் கைநாட்டு வைத்தாள்.

தாள்களைக் கொடுக்க வைத்திருந்த கடைசி நாள் மத்தியானம் ஜெபசிங் வந்தான். மாடி ஏறவில்லை. தாசையன் தாளைக் கீழே மெஷின் மேஜைக்குக் கொண்டு வந்தார். அவன் முழு விலாசத்தையும் நிறுத்தி நிதானமாக எழுதினான். களியக்காவிளை வீடு, வித்துராக் கடை, இரண்டையும். கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மூடினான்.

செல்வி படியருகில் நின்றாள். "பிள்ள பெறந்துட்டா?"

"பொம்பளப்பிள்ள."

"ஒரு டீ குடிச்சுட்டுப் போலாம்."

"வேண்டாம் அக்கா. நான் சங்கத்துக்காக வந்தேன். உங்ககிட்ட பேசணும்னு தோணும்போது நானே பேசுறேன்."

அவள் தலையை ஆட்டினாள். அதுவரை காத்திருக்கும் கடமை தனக்கு இருப்பதாக அவளுக்குத் தோன்றியது. அவன் கடைத்தெருக் கூட்டத்துக்குள் நடந்து தம்பானூர்ப் பக்கம் திரும்பினான். அவன் மறைந்த பிறகு, தாள்களை அடுக்கி உறையில் போட்டுக்கொண்டு, தொழிலாளர் ஆபீஸ் மூடுவதற்குள் போய்ச் சேர வேண்டுமென்று செல்வி வேகமாக நடந்தாள். ஜன்னலுக்குள்ளிருந்த குமாஸ்தா வாங்கி வைத்துவிட்டு, "போய்க்கோ, அறியிக்கலாம்," என்றார்; பிறகு தெரிவிப்பார்களாம்.

"ரசீது குடுங்க சார்," என்றாள் செல்வி. அவர் முத்திரை குத்தித் தரும்வரை ஜன்னலைவிட்டு நகரவில்லை.